மொரீஷியஸின் தெற்குக் கரை: இரண்டு நாள் கார் பயணத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மொரீஷியஸுக்குப் போகிறவர்களில் நிறையப் பேர் வடக்கே கிரான் பே பக்கமோ கிழக்கே பெல் மார் பக்கமோ தங்கிவிட்டு, ஒரே ஒரு நாள் வேனில் ஏறித் ‘தெற்குச் சுற்றுலா’ போய் வருகிறார்கள். கங்கா தலாவ் என்ற புனித ஏரி, ஷமரெல் ஏழு வண்ண மண், ஓர் அருவி, ஒரு ரம் ஆலை, இருட்டுவதற்குள் விடுதி. பார்ப்பதெல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனால் அந்த வேன் மலைப்பாதையிலேயே போய் மலைப்பாதையிலேயே திரும்பிவிடுகிறது. தென்கிழக்கே மாயேபூரிலிருந்து தென்மேற்கே லெ மோர்ன் வரை கடலோரக் கிராமங்களைத் தொட்டுக்கொண்டு ஓடும் சாலை பலருக்குக் கண்ணில் படுவதே இல்லை. என் கணக்கில் அந்தத் தீவில் காரோட்டிப் பார்க்க வேண்டிய முதல் சாலை அதுதான்.

அதற்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் கடற்கரை வழியாக மேற்கே போவது, மேற்கு மூலையில் ஒரு இரவு, மறுநாள் காலை மலை ஏறித் தேயிலைத் தோட்டம் வழியாகத் திரும்பி இறங்குவது. கடிகாரம் சுற்றும் திசையில் ஒரு வட்டம். தொடக்கமும் முடிவும் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே அமைவதால், வந்து இறங்கியதும் அல்லது ஊர் திரும்பும் முன் இதை வைத்துக்கொள்ளலாம்.

ஏன் இந்தத் திசை

நம் ஊரைப் போலவே அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். கிழக்கிலிருந்து மேற்கே போனால் கடல் உங்கள் இடப்பக்கமே வரும். பிடித்த இடத்தில் எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கிடாமல் ஓரம் கட்டலாம். எதிர்த் திசையில் போனால் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் சாலையைக் கடந்தாக வேண்டும். இந்தச் சாலை அகலமானதல்ல, பல இடங்களில் ஓரத்தில் மண் தரைகூடக் கிடையாது.

வெளிச்சமும் ஒரு காரணம். மொரீஷியஸ் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை நண்பகல் சூரியன் வடக்கு வானில் சாய்ந்து நிற்கும். தெற்கே கடலைப் பார்க்கும் உங்களுக்கு வெயில் முதுகுப் பக்கம் விழும். கடலின் நிறம் அப்போதுதான் முழுசாகத் தெரியும்.

மலையை ஏன் இரண்டாம் நாள் காலைக்கு வைக்க வேண்டும் என்றால், மேகம். காலையில் தெளிவாக இருக்கும் பள்ளத்தாக்கு மதியத்துக்கு மேல் மூடிக்கொள்வது அங்கே சாதாரணம். வேன் பயணங்களில் பலர் பிளாக் ரிவர் பள்ளத்தாக்கு என்று வெள்ளைப் புகையைப் பார்த்துவிட்டுத் திரும்புவது இதனால்தான்.

எப்போது போவது

மே முதல் அக்டோபர் வரை குளிர்காலம். தென்கிழக்குக் காற்று வலுவாக அடிக்கும், தெற்குக் கரையில் அலை உயரும், வெயில் உறுத்தாது. மே, ஜூன் மாதங்களில் கரும்பு பூத்து வயல் முழுக்க வெள்ளிக் கதிர்கள் ஆடும். ஜூன் வாக்கில் வெட்டு தொடங்கினால் ஆண்டுக் கடைசி வரை போகும். அந்தக் காலத்தில் கரும்பு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டிவரும். நேரக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெப்பமும் மழையும். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் பயம் அதிகம். அங்கே புயல் எச்சரிக்கை 1 முதல் 4 வரை நான்கு நிலைகளில் அறிவிக்கப்படும். மூன்றாம் நிலைக்கு வந்துவிட்டால் கடை, பேருந்து எல்லாம் நின்றுவிடும். அன்று கார் சாவியைத் தொடவே கூடாது.

கிழமையும் முக்கியம். திங்கட்கிழமை கிளம்புவதைத்தான் நான் சொல்வேன். அன்று மாயேபூரில் பெரிய சந்தை கூடும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கதை வேறு. உள்ளூர்க் குடும்பங்கள் சட்டி பானையோடு கடற்கரைக்கு வந்து, சவுக்கு மர நிழலில் சமைத்து, உள்ளூர் இசையான செகா பாடி ஆடிக்கொண்டிருப்பார்கள். பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, கிராமத்துக் கடைகள் பலவும் மதியத்தோடு மூடிவிடும்.

மகா சிவராத்திரியை ஒட்டிய நாட்களில் மலைப்பாதையை விட்டுவிடுங்கள். தீவு முழுவதிலிருந்தும் பக்தர்கள் காவடி போன்ற பெரிய சப்பரங்களைத் தூக்கிக்கொண்டு கங்கா தலாவுக்கு நடந்தே வருவார்கள். அந்தச் சாலைகளில் கார் நகராது. அவர்களோடு நடப்பதற்குப் போனால் அது தனி அனுபவம்.

வண்டி

சின்ன கார் போதும். நான்கு சக்கர இயக்கம் தேவையில்லை. மலை ஏற்றத்தில் கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், கியர் மாற்றிப் பழக்கம் இல்லாதவர்கள் ஆட்டோமேட்டிக் கேட்டு முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள். நம் ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கையில் வைத்திருங்கள். வண்டியை வாங்கும்போது நான்கு பக்கமும், சக்கரங்களையும், உள்ளே எரிபொருள் முள்ளையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருக்கின்றனவா என்று டிக்கியைத் திறந்து பார்த்துவிடுங்கள். காப்பீட்டில் விபத்து நடந்தால் நீங்கள் கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள்.

பெட்ரோல் விலை தீவு முழுக்க ஒன்றுதான், ஆகவே மலிவான பங்க் தேட வேண்டாம். ஆனால் தெற்குக் கரையின் நடுவில் இருக்கும் சூயாக் ஊருக்கு மேற்கே பங்க்குகள் அரிது, மலை மேலும் அப்படித்தான். கிளம்பும்போதே நிரப்பிவிடுங்கள்.

ஊர்ப் பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் இருக்கும், உச்சரிப்பு வேறாக இருக்கும். வரைபடத்தில் எல்லா நிறுத்தங்களையும் முதல் நாள் இரவே குறித்து, ஆஃப்லைனில் சேமித்து வைத்துக்கொண்டால் வழியில் தடுமாற வேண்டியதில்லை.

சாலையில் மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். ரவுண்டானாக்கள் ஏராளம், வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். வேகக் கேமராக்கள் உண்டு. மூன்றாவதை யாரும் சொல்வதில்லை: வெட்டுக்கு முந்தைய மாதங்களில் கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும், சந்திப்புகளில் பக்கவாட்டுச் சாலை கண்ணுக்கே தெரியாது. அங்கே மூக்கை மெல்ல நீட்டித்தான் திரும்ப வேண்டும். இருட்டியபின் கரையோரச் சாலையில் ஓட்டாதீர்கள். விளக்கு குறைவு, நடைபாதை இல்லை, நாய்களும் மனிதர்களும் சாலையிலேயே நடப்பார்கள்.

முதல் நாள் காலை: மாயேபூர்

எட்டு மணிக்குள் சந்தையில் இருங்கள். காலைச் சாப்பாடு அங்கேயே. பருப்பை அரைத்து உள்ளே வைத்துச் சுட்ட தால் பூரியை இரண்டாக அடுக்கி, மேலே அவரைக் குழம்பும் சட்னியும் ஊற்றிச் சுருட்டித் தருவார்கள். கூடவே காட்டோ பிமாங், அதாவது மிளகாய் சேர்த்த சின்னப் பருப்பு வடை. குடிக்க ஆலூடா: பால், சப்ஜா விதை, கடற்பாசி. பணத்தாளை எடுக்கும்போது கொஞ்சம் உற்றுப் பாருங்கள், மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழும் அச்சாகியிருக்கும்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட 18ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரிப் பக்கமிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் சென்னை மாகாணத்தவரும் உண்டு. இன்று அவர்கள் வீட்டில் பேசுவது பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. ஆனால் கோவில் இருக்கிறது, தீமிதி இருக்கிறது, தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை இருக்கிறது. வழியில் கோபுரம் தெரிந்தால் தயங்காமல் இறங்குங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற அந்நியரை யாராவது ஒருவர் வந்து விசாரிக்காமல் இருக்க மாட்டார்.

சந்தை முடிந்ததும் நீர்முனைக்கு நடந்து போங்கள். எதிரே தெரியும் வளைகுடாவில்தான் 1810 ஆகஸ்டில் பிரெஞ்சு, ஆங்கிலக் கடற்படைகள் மோதின. ஜெயித்தது பிரான்ஸ், பாரிஸின் வெற்றி வளைவில் அந்தப் போரின் பெயர் செதுக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் அதே ஆண்டு டிசம்பரில் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. பாலத்தைத் தாண்டினால் வீல் நுவார் என்ற பகுதியில் 1870 முதல் மரவள்ளிக் கிழங்கு பிஸ்கட் செய்யும் ஒரு குடும்பத் தொழிற்கூடம் உண்டு. கிழங்கு மாவைத் தட்டில் பரப்பிச் சுடும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். பத்து மணிக்கு இங்கிருந்து கிளம்பிவிடுவது நல்லது.

கரும்பு வழியே சூயாக் வரை

மாயேபூருக்கும் சூயாக்குக்கும் நடுவில் சாலை கடலை விட்டு உள்ளே போகிறது. கரும்பு, கரும்பு, மறுபடி கரும்பு. சலிப்பான பகுதி என்று வேகமாகக் கடந்துவிடாதீர்கள். வயல்களுக்கு நடுவே கருங்கற்கள் கோபுரம் போலக் குவிந்திருப்பதைக் கவனியுங்கள். இது எரிமலைத் தீவு. நிலம் முழுக்கக் கறுப்புப் பாறை. அதைக் கையால் பொறுக்கி, சுமந்து, குவித்த பிறகுதான் இங்கே கரும்பு நட முடிந்தது. முதலில் அடிமைகள், அவர்களுக்குப் பிறகு இந்தியாவிலிருந்து வந்த கூலிகள். சில குவியல்களின் மேல் மரமே வளர்ந்துவிட்டது. பெயர்ப் பலகையோ நுழைவுச் சீட்டோ இல்லாத நினைவுச் சின்னங்கள் இவை. ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

குழந்தைகள் கூட இருந்தால் ரிவியேர் தேஸாங்கீ ஊருக்கருகே உள்ள லா வனீல் பூங்காவில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கலாம். அல்டாப்ரா ராட்சத ஆமைகள் திறந்த வெளியில் உலவும், தொட்டுப் பார்க்கலாம். மொரீஷியஸின் சொந்த ராட்சத ஆமைகள், டோடோ பறவையைப் போலவே, மனிதர்கள் குடியேறிய பிறகு அழிந்துபோயின.

சூயாக்கில் பார்க்க வேண்டியது கிரி கிரி கடற்கரை. தீவைச் சுற்றிப் பவளத்திட்டு வேலி கட்டியிருப்பதால் மற்ற கரைகளில் கடல் குளம் மாதிரி அமைதியாக இருக்கும். இங்கே அந்த வேலி அறுந்துவிடுகிறது. அலை நேராகக் கறுப்புப் பாறையில் வந்து மோதுகிறது. கால் நனைப்பதுகூட வேண்டாம், குளிப்பது கண்டிப்பாகக் கூடாது. புல்மேட்டில் கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் ‘அழும் பாறை’. அலை ஏறி வடியும்போது பாறை முகத்தில் நீர் வழிந்துகொண்டே இருக்கும். விளிம்பை விட்டு நன்றாகத் தள்ளி நில்லுங்கள், நனைந்த பாறை வழுக்கும். பக்கத்தில் கவிஞர் ராபர்ட் எட்வர்ட் ஹார்ட் வாழ்ந்த பவளக்கல் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது.

ராச்செஸ்டர் அருவிக்கும் இங்கிருந்துதான் பிரிய வேண்டும். கரும்பு வயல் நடுவே மேடு பள்ளமான பாதை. மழை பெய்திருந்தால் விட்டுவிடுங்கள். அருவி உயரமில்லை, ஆனால் பட்டை தீட்டியதுபோல் நிற்கும் எரிமலைப் பாறைத் தூண்கள் அழகு. வண்டியை நிறுத்தும்போது பையைக் கண்ணில் படும்படி வைக்காதீர்கள்.

முதல் நாள் பிற்பகல்: கடலை உரசும் சாலை

சுரினாம் கிராமத்தைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். ரியாம்பெல், புவாந்த் ஓ ரோஷ், செயின்ட் ஃபெலிக்ஸ், ரிவியேர் தே கலே, பெல் ஓம்ப்ர, பே து காப் என்று கிராமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு தேவாலயம், ஒரு சீனர் மளிகைக்கடை, ஒரு சின்ன மசூதி அல்லது கோவில், தகரக் கூரை வீடுகள், கரையில் கட்டிய படகுகள். மதியச் சாப்பாட்டை இந்தப் பகுதியில் ஏதாவது சின்னக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். மீன் வறுவல், நூடுல்ஸ், ஆக்டோபஸ் குழம்பு கிடைக்கும். கடுகும் மஞ்சளும் போட்டு ஊறவைத்த மீன் விந்தாய் இருந்தால் அதையே கேளுங்கள். தெருவோரத்தில் அன்னாசியைச் செதுக்கி மிளகாயும் புளியும் தடவித் தருவார்கள்.

ரிவியேர் தே கலேயில் கரை மணலாக இல்லாமல் கூழாங்கல்லாக இருக்கும். பெரிய அலை வரும் நாட்களில் கடல் இந்த ஊருக்குள்ளேயே நுழைந்துவிடும். கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை இருந்தால் இந்தச் சாலையைத் தவிர்த்து மலை வழியே போய்விடுங்கள்.

பெல் ஓம்ப்ரவில் இன்று பெரிய விடுதிகள் இருக்கின்றன. அங்கே கரையோரம் ஒரு நினைவுச் சின்னம் உண்டு. 1923 ஜூனில் ட்ரெவெஸ்ஸா என்ற ஆங்கிலச் சரக்குக் கப்பல் இந்தியப் பெருங்கடல் நடுவே மூழ்கியது. உயிர்காப்புப் படகில் ஏறியவர்களில் ஒரு குழு 25 நாட்கள் கடலில் மிதந்து கடைசியில் இந்தக் கரையில்தான் ஒதுங்கியது. பே து காப்பில் இன்னொன்று: ஆஸ்திரேலியாவைச் சுற்றி வந்து வரைபடம் போட்ட மேத்யூ ஃபிளிண்டர்ஸ், ஊர் திரும்பும் வழியில் 1803 டிசம்பரில் கப்பல் பழுதானதால் இங்கே ஒதுங்கினார். பிரான்சும் இங்கிலாந்தும் போரில் இருந்த நேரம். ஆங்கிலேயரான அவரை உளவாளி என்று சந்தேகித்துப் பிரெஞ்சு ஆளுநர் ஆறு ஆண்டுகளுக்கு மேல் தீவிலேயே பிடித்துவைத்தார். 1810இல்தான் விடுதலை.

ஆற்றைக் கடந்ததும் மக்கோந்தே. கடலுக்குள் நீட்டிய பாறையைச் சாலை வளைந்து சுற்றிப் போகும் இடம். இணையத்தில் நீங்கள் பார்த்திருக்கும் அந்த வளைவுச் சாலைப் படம் இதுதான். வளைவில் நிறுத்தாதீர்கள். முன்னதாகவோ தாண்டியோ ஓரம் கட்டிவிட்டு நடந்து வந்து, படியேறிப் பாறை உச்சிக்குப் போங்கள். ஒருபக்கம் ஆறும் கிராமமும், மறுபக்கம் திட்டுக்கு அப்பால் உடையும் அலையும்.

அங்கிருந்து லெ மோர்ன் வரை சாலை கிட்டத்தட்ட நீரோடு சமமாகவே ஓடும். லா பிரேரி கடற்கரையில் சவுக்குத் தோப்புக்குள் வண்டியை விட்டுவிட்டு உட்காரலாம். எனக்கு இந்த முழுப் பயணத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. கூட்டம் குறைவு, காற்று நிறைய.

லெ மோர்ன் மலை 556 மீட்டர் உயரம். கடலிலிருந்து நேராக எழும் ஒற்றைப் பாறை. தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் இதன் உச்சியிலும் குகைகளிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835 பிப்ரவரி 1 அன்று அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது, அந்தச் செய்தியைச் சொல்ல மேலே வந்த சிப்பாய்களைப் பார்த்து, பிடிக்க வருகிறார்கள் என்று நினைத்துச் சிலர் உச்சியிலிருந்து குதித்து இறந்தார்கள் என்று மக்கள் தலைமுறைகளாகச் சொல்லிவருகிறார்கள். 2008இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அடிவாரத்தில் அடிமைப் பாதை நினைவுச் சிற்பங்கள் இருக்கின்றன. கடலுக்குப் போகும் முன் முதலில் அங்கே நில்லுங்கள்.

பிறகு தீபகற்பத்தின் மேற்குப் பக்கப் பொதுக் கடற்கரைக்குப் போனால் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். ஜூனில் ஆறு மணிக்கு முன்பே இறங்கிவிடும். விளம்பரப் படங்களில் வரும் ‘கடலுக்கடியில் அருவி’ இங்கேதான். ஆனால் அது மணல் சரிவு மேலிருந்து அப்படித் தோன்றும் காட்சி, ஹெலிகாப்டரில் போனால்தான் தெரியும். கரையில் நின்று தேடாதீர்கள்.

இரவு லா கோலெத்தில் தங்குங்கள். விடுதிகளைவிடச் சிக்கனமான வாடகை அறைகள் நிறைய. காலையில் மீனவர்கள் படகெடுக்கும் நேரத்துக்கு எழுந்தால் எதிரே பெனிட்டியே தீவு பளிச்சென்று தெரியும்.

இரண்டாம் நாள்: மலை

எட்டு மணிக்குக் கிளம்புங்கள். காஸ் நொயால் தேவாலயத்துக்கு அருகே வலது பக்கம் திரும்பினால் ஏற்றம் ஆரம்பம். முதல் சில வளைவுகளிலேயே நேற்று கடந்த கரை முழுவதும் கீழே விரியும். பார்வையிடத்தில் மட்டும் நிறுத்துங்கள்.

ஷமரெல் நுழைவாயில் திறக்கும் நேரத்துக்கு முதல் ஆளாகப் போய்விட்டால் சுற்றுலா வேன்கள் வருவதற்குள் பார்த்து முடிக்கலாம். ஒரே சீட்டில் அருவியும் ஏழு வண்ண மண்ணும் அடங்கும். அருவி 80 மீட்டருக்கு மேல் விழுகிறது. வண்ண மண் என்பது எரிமலைப் பாறை நீண்ட காலம் மக்கிக் களிமண்ணானது. இரும்பு, அலுமினியச் சேர்மங்கள் வெவ்வேறு அளவில் தங்கியதால் சிவப்பு, பழுப்பு, ஊதா என்று பிரிந்து நிற்கிறது. பரப்பு சின்னதுதான், அதை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம் இருக்காது. ரம் ஆலையில் சுவை பார்ப்பது ஓட்டாதவர்களுக்கு மட்டும். ஊரில் மான்கறிக் குழம்பு வைக்கும் உணவகங்கள் உண்டு. இந்த மான்களை 1639இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்தார்கள்.

ஷமரெலைத் தாண்டினால் காடு. பிளாக் ரிவர் பள்ளத்தாக்குப் பார்வையிடத்தில் தூரத்தில் மேற்குக் கடல் வரை தெரியும். இந்தக் காட்டில்தான் மொரீஷியஸ் வல்லூறு பிழைத்தது. 1974இல் இயற்கையில் நான்கே பறவைகள் எஞ்சியிருந்தன. கூண்டில் வளர்த்துப் பெருக்கி மீண்டும் விட்டதால் இன்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. குரங்குகள் பைக்கு வரும், சாப்பாடு கொடுக்காதீர்கள். குளிர்காலத் தொடக்கத்தில் சாலையோரம் மக்கள் பையோடு சிறிய சிவப்புக் கொய்யா பறித்துக்கொண்டிருப்பார்கள். விற்பவரிடம் வாங்கினால் உப்பும் மிளகாயும் சேர்த்தே தருவார். அலெக்சாண்ட்ரா அருவிக்குப் பத்து நிமிட நடை போதும்.

அடுத்தது கங்கா தலாவ். எரிமலை வாய்க்குள் அமைந்த ஏரி. சாலையிலேயே 33 மீட்டர் உயரச் சிவன் நிற்பார். கரையைச் சுற்றிச் சன்னதிகள். பனியும் காற்றும் உண்டு, கழுத்தை மூடும் துணி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பிரசாதப் பழங்களைப் படியில் விட்டால் குரங்குதான் எடுத்துப் போகும், ஏரித் தண்ணீரில் போடவும் கூடாது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் புவா ஷெரி தேயிலைத் தோட்டம். 1892 முதல் இருக்கிறது. காலையில்தான் ஆலை ஓடும், மதியத்துக்கு மேல் இயந்திரங்கள் நின்றிருக்கலாம். வனிலா மணக்கும் தேநீர் இந்தத் தீவின் அன்றாட வழக்கம். உணவகத்து மேட்டிலிருந்து பார்த்தால் தெற்குக் கரை, முதல் நாள் வந்த பாதை, கண்ணுக்கு எட்டும்.

இறக்கம் எளிது. கிராமங்களும் கரும்புமாக ரிவியேர் தேஸாங்கீக்கு வந்து, அங்கிருந்து கிழக்கே திரும்பினால் விமான நிலையம். போக்குவரத்து இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். அன்றிரவே விமானம் என்றால் புவா ஷெரியை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரம், விமானப் புறப்பாட்டுக்கு ஐந்து மணி நேரம் முன்பு. வழியில் பங்க்கில் நிரப்பி, சக்கரச் சேற்றைக் கழுவி, வண்டியை ஒப்படைக்கும்போது மறுபடி நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் விடியும்போதே மலை மூடியிருந்தால் ஏற வேண்டாம். மேற்குக் கரையிலேயே வடக்கே போய், லா ப்ரெனூஸில் ஆங்கிலேயர் கட்டிய மார்ட்டெல்லோ கோபுரத்தையும் தமாரின் வளைகுடாவையும் பாருங்கள். பத்து மணிக்கு மேல் மேகம் விலகினால் அப்போது திரும்பி ஏறலாம். விலகாவிட்டால் நெடுஞ்சாலை வழியாகத் தெற்கே விமான நிலையத்துக்குப் போய்விடுங்கள்.